கைத்தொண்டு

கோயில் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையைத் தரிசித்து வரும்போது, திருநாவுக்கரசர் பெருமானை அடையாளம் காண யாருக்கும் அதிக நேரம் ஆவதில்லை. தோளில் சாய்ந்திருக்கும் உழவாரப்படையே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும். பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுக்கும் எளிய கருவி அது. நாவால் இறைவனைப் பாடியவர், கையாலும் பணி செய்தார். அதனைக் கைத்தொண்டு என்று சைவ மரபு போற்றுகிறது.

அந்தக் கைத்தொண்டை அவர் கற்ற இடம் எது என்று பெரியபுராணத்தில் தேடினால், அவருடைய தமக்கையார் திலகவதியாரிடம் சென்று சேர்வோம். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மக்கள் இருவரும். தந்தையார் மறைந்தார், தாயாரும் உடன் சென்றார், தமக்கையாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். தாமும் உயிர் விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். பின்னாளில் தம்பியைக் கொடிய சூலை நோய் பற்றியது. அவர் திருவதிகையில் இருந்த தமக்கையாரிடம் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். தமக்கையார் திருநீறு அளித்தார். பொழுது புலரும் முன், திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயில் பணிக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார்.

இந்த இடத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கடந்த இரண்டு ஆண்டுகளில்தான் கூர்ந்து கவனித்தேன். அந்த அம்மையார் நோயாளியின் பொருட்டுத் தம்முடைய அன்றாடப் பணியை நிறுத்தவில்லை. நோயாளியைத் தனியே படுக்கவிட்டுப் போகவும் இல்லை. விடியற்காலையில் துடைப்பமும் சாணமும் குடமுமாகத் தாம் நாள்தோறும் செல்லும் வழியில் அவரையும் கூட்டிச் சென்றார். நோயுற்ற ஒருவரை அன்றாட வாழ்க்கைக்குள் மீண்டும் சேர்ப்பதே பராமரிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதை திசை மாறி நிகழ்ந்தது. நோயுற்றவர் தமக்கை, உடனிருந்தவன் தம்பி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடைப்பட்ட நாகரசம்பட்டி எங்கள் ஊர். மாந்தோப்புகளும் தென்னையும் கேழ்வரகும் கொண்ட பகுதி. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, ஓசூரைக் கடந்து, கிருஷ்ணகிரி அணையில் தங்கிப் பிறகு எங்கள் பக்கம் இறங்கி வரும் தென்பெண்ணையாறு, இறுதியில் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. திலகவதியாரின் திருவாமூரும் திருவதிகையும் அந்தக் கடலூர் நாட்டில்தான் உள்ளன. ஒரு காலத்தில் உழவை மட்டுமே நம்பியிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கிறார்கள். ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் விடியும் முன்பே ஊரைக் கடக்கின்றன. பகல் வேளையில் தெருவில் எஞ்சி இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றுப் பூர்வீக வீட்டுக்குத் திரும்பியவன். அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எனக்கு ஆறு வயதில் அம்மா காலமானார். அன்று முதல் எனக்குத் தலைவாரிவிட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்ததும் அக்காதான். அஞ்சல் துறையில் பணியாற்றிய மாமா மறைந்த பிறகு, பக்கத்துத் தெருவில் தனியே வாழ்ந்து வந்தார். ஒரே மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பற்றவைப்பாளராக இருக்கிறான்.

ஓர் ஆனி மாதக் காலை, வாசல் தெளிக்காமல் கிடந்ததைக் கண்டு பக்கத்து வீட்டார் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அக்காவின் வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. 108 ஆம்புலன்ஸில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு சென்றோம். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைபட்டிருப்பதாக மருத்துவர் கூறினார். பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் வந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட வழியுண்டு. அக்காவுக்கோ அது உறக்கத்திலேயே நேர்ந்திருந்ததால் தொடங்கிய நேரம் எவருக்கும் தெரியவில்லை. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகிய மூன்றில் எது தோன்றினாலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பதினொரு நாள்கள் கழித்து அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மருத்துவமனையில் உயிர் காக்கப்பட்டது. எழுந்து நடக்க வைப்பது இனி வீட்டின் பொறுப்பு. மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் நிகழும் என்றும், அந்த நாள்களை வீணாக்கக் கூடாது என்றும் இயன்முறை மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

உதவிக்கு ஓர் அம்மையார் அமைந்தார். பக்கத்துச் சிற்றூர்க்காரர்; வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஓசூரில் ஒரு மூதாட்டியை இரண்டு ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்ட அனுபவம் உடையவர். காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குச் செல்வார். இரவுப் பொறுப்பை என் மனைவியும் நானும் ஏற்றோம். அந்த அம்மையாரிடமும் மருத்துவர்களிடமும் நாங்கள் கற்றவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இத்தகைய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடும்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றிவிடும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பையும் முதுகையும் அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். விழுங்கும் திறன் குறைந்திருப்பதால், படுத்த நிலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரலாகாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறுகரண்டியால் தர வேண்டும். நீர்த்த பொருள்தான் எளிதில் மூச்சுக்குழலுக்குள் செல்லும். கூழ்ப் பதம் பாதுகாப்பானது. கேழ்வரகு உண்டு வளர்ந்த அக்காவுக்குக் கேழ்வரகுக் கூழே மருந்தாக அமைந்தது. ஆண்டுதோறும் தம் கையால் போட்ட மாங்காய் ஊறுகாயை மட்டும் அவர் துறக்க வேண்டியதாயிற்று. உயர் இரத்த அழுத்தத்துக்கு உப்பு பகை.

இவை யாவும் உடலுக்கு உரியவை. மனத்துக்கு உரியவை இவற்றைவிடக் கடினமானவை. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது என்று மருத்துவர் எங்களிடம் முன்கூட்டியே கூறியிருந்தார். அக்கா கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீரையும் மறுத்தார். காரணத்தைக் கண்டுபிடித்தவர் உதவிக்கு வந்த அம்மையார்தான். “தண்ணி குடிச்சா எழுப்பிக் கூட்டிட்டுப் போகணும்ல, அதான் அம்மா வேண்டாங்கறாங்க. நமக்கு சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கறாங்க,” என்றார். அன்று முதல், அக்கா கேட்பதற்கு முன்பே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. அவர் கேட்க நேரவில்லை. ஆகவே கூச்சமும் குறைந்தது. நாலைந்து நாள்களில் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

குளிக்கும் நேரத்தில் நான் திண்ணைக்குச் சென்றுவிடுவேன். பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும் அந்தத் திரையை இழுத்துவிட்ட பிறகே அந்த அம்மையார் பணியைத் தொடங்குவார். ஒவ்வொரு முறையும், “கையைத் தூக்கட்டுமா அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். பதில் வராது என்று தெரிந்தும் கேட்பார். சிவாசாரியார் அலங்காரத்துக்குத் திரையிடுவதையும், ஒவ்வொரு உபசாரத்துக்கும் மந்திரத்தால் இறைவனிடம் விண்ணப்பிப்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்த மரியாதையைத்தான் என் அக்காவின் தளர்ந்த உடலுக்கு அந்த அம்மையார் அளித்தார்.

குளித்து விளக்கேற்றாமல் அக்கா உணவு கொண்டதில்லை. எனவே நாற்காலியைப் பூசை அலமாரிக்கு அருகில் போட்டு, தீப்பெட்டியை நான் பிடித்துக்கொள்ள, அவர் இடக்கையால் குச்சியை உரசுவார். முதல் வாரத்தில் எட்டு, பத்துக் குச்சிகள் ஒடிந்தன. அவசரப்பட்டு நானே ஏற்றிவிடக் கை நீளும்போதெல்லாம் என் மனைவி கண்ணால் தடுத்துவிடுவாள். விளக்கு ஏறிய பிறகு அக்கா உணவை மறுத்ததில்லை.

அரசின் உதவியையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்தில்தான், சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் செவிலியரும் நடமாட இயலாதவர்களின் இல்லங்களுக்கு வருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் பெண், அழுத்தத்தை அளந்து குறித்த பின் அக்காவின் இடக்கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அந்த ஒரு நிமிடத்துக்காக அக்கா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்பதை அவர் சொன்னால்தான் அக்கா தலையசைப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை பேச்சில் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலப்புற உடலுடன் பேச்சும் பறிபோவதுண்டு. அக்காவுக்கு எஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றால் “ஆமாம்.” வேண்டாமா என்றாலும் “ஆமாம்.” கண்ணீர் விட்டு அழும்போதும் “ஆமாம், ஆமாம்” என்றே அரற்றினார். சொல்ல நினைப்பது உள்ளே முழுமையாக இருக்கிறது, வெளியே வரும் சொல் மட்டுமே தவறுகிறது என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். அறிவு மங்கிவிட்டதாக எண்ணி அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது கொடுமை என்றும் எச்சரித்தார்.

புரட்டாசி மாதத்தில் அக்காவின் மகன் ஓசூரிலிருந்து வந்தான். தாயின் எதிரில் அமர்ந்து, “அம்மா, ஓசூருக்கு என்னோட வந்துடறியா?” என்று கேட்டான். “ஆமாம்,” என்றார் அக்கா. அவன் முகம் மலர்ந்தது. அருகில் இருந்த என் மனைவி, “அண்ணி, இங்கேயே எங்களோட இருந்துடறீங்களா?” என்றாள். அதற்கும் “ஆமாம்” என்றே விடை வந்தது. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

“மாமா, அம்மாவை மாமன் வீட்டுல விட்டுட்டான்னு நாளைக்கு ஊரே என்னைப் பேசும்,” என்றான் அவன். குரல் தழுதழுத்தது. அவன் ஏக்கம் நியாயமானது. மாந்தோப்பும் கோயிலும் தெரிந்த முகங்களும் சூழ்ந்த இடத்தில் அக்கா இருப்பதே நலம் என்ற என் மனைவியின் எண்ணமும் நியாயமானது. ஆனால் முடிவு எடுக்க உரிமை உடையவர் நாற்காலியில் அமர்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விருப்பத்தை அறிய ஒரு வழி காண்பது எங்கள் கடமையாயிற்று.

பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டோம். அவர் ஒரு முறையைக் கற்றுக் கொடுத்தார். வாய்ச் சொல்லை நம்பாதீர்கள். படத்தைக் காட்டி விரலால் தொடச் சொல்லுங்கள். முதலில் விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்; அவற்றில் பிழை இல்லையென்றால் மட்டும் விடை தெரியாத கேள்விக்குச் செல்லுங்கள். படங்களை இடம் மாற்றி வையுங்கள். சிலர் எப்போதும் ஒரே பக்கத்தைத் தொடுவார்கள். வேறொரு நாளில், வேறொருவர் மீண்டும் கேட்கட்டும். ‘இரண்டும் இல்லை’ என்று சொல்லவும் ஒரு வெற்று அட்டை இருக்கட்டும். களைத்திருக்கும் வேளையில் கேட்கவே வேண்டாம். வங்கியில் கணக்குச் சரிபார்ப்பதைவிடக் கவனமான ஒரு முறையாக அது எனக்குத் தோன்றியது.

காலையில் விளக்கேற்றிய பின் அமர்ந்தோம். மாமாவின் படம் எது, பேத்தியின் படம் எது, அக்கா அருந்துவது காபியா தேநீரா என்று தொடங்கினோம். ஆறு கேள்விகளிலும் விரல் பிழையின்றிச் சென்றது. பிறகு எங்கள் வீட்டுப் படமும் ஓசூர் வீட்டுப் படமும் வைக்கப்பட்டன. அக்கா எங்கள் வீட்டைத் தொட்டார். மூன்று நாள் கழித்து, உதவிக்கு வந்த அம்மையார் படங்களை இடம் மாற்றி வைத்துக் கேட்டார். இம்முறை அக்கா எதையும் தொடவில்லை. வெற்று அட்டையையும் தொடவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார்.

மாதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என வந்து தை மாதத்தில் இடக்கையை வைத்து அழுத்தினார். பிறகு ஓசூர் வீட்டுப் படத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். மார்கழி முடியும் வரை இங்கே. தை பிறந்ததும் மகன் வீட்டில். மறு வாரம் மகனே கேட்டபோதும் அதே விடைதான் வந்தது.

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத விடை அது. அக்காவின் மகன் எழுந்து சென்று முகம் கழுவிக்கொண்டு வந்தான். அடுத்த மாதம் அவன் வந்தபோது கையில் இரும்புக் குழாய்கள் இருந்தன. எங்கள் கழிவறைச் சுவரிலும் கட்டிலருகிலும் பிடிமானக் கம்பிகளைத் தன் கையாலேயே பொருத்தினான். தன் ஓசூர் வீட்டுக்கும் அதே அளவில் செய்து வைத்திருப்பதாகக் கூறினான். இடம் மாறினாலும் அம்மாவின் கை தேடும் உயரத்தில் கம்பி இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். உழவாரப்படைக்கு எவ்வகையிலும் குறையாத கருவி அவன் கையில் இருந்த பற்றவைப்புக் கோல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் குடும்ப ஓய்வூதியப் பணத்தை எடுக்க வேண்டியிருந்தது. என் தொழில் சார்ந்த செய்தி என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நோயால் கையொப்பமிட இயலாத வாடிக்கையாளர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் உடனிருந்து அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ் சான்றையும் ‘ஜீவன் பிரமாண்’ முறையில், முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தே அளிக்கலாம். முதியவரைத் தூக்கிச் சென்று வங்கி வாசலில் உட்கார வைக்க வேண்டிய காலம் இது அன்று.

வங்கி அலுவலர் வீட்டுக்கு வந்தார், பண்புடன் நடந்துகொண்டார். ஆனால் மைப்பெட்டியைக் கண்டதும் அக்கா இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தாயும் பாட்டியும் ரேகை வைத்தவர்கள். குடும்பத்தில் முதலில் கையெழுத்திட்ட பெண் அக்காதான். பத்திரத்தில் கையொப்பமிடும்போதெல்லாம் பேனாவைத் துடைத்துவிட்டு, புள்ளி வைத்து முடிக்கும் அவர் நிமிர்வை நான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். அலுவலரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அவர் புன்னகையுடன் ஒப்புக்கொண்டார்.

அன்றாடம் மாலையில் பேத்தியின் நான்கு கோடு நோட்டில் இடக்கைப் பயிற்சி நடந்தது. பேச்சைப் போலவே எழுத்தும் அக்காவை விட்டுப் போயிருந்தது. ‘அம்மா’ என்று எழுதச் சொன்னால் கோடுகள் சிதறும். ஆனால் அவருடைய சொந்தப் பெயர் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. கையொப்பம் என்பது நெடுநாள் பழக்கத்தால் எழுத்தைக் கடந்து ஓர் அசைவாகவே உள்ளே பதிந்துவிடுகிறது என்று பயிற்சியாளர் கூறினார். பன்னிரண்டாம் நாள் எழுத்துகள் கோட்டில் அமர்ந்தன. அலுவலர் மீண்டும் வந்து புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்துகொண்டார். எழுதி முடித்ததும் அக்கா புள்ளி வைத்தார். பேனாவைத் தம் புடவை நுனியில் துடைத்து அவரிடம் கொடுத்தார். வங்கிப் பணியில் ஆயிரக்கணக்கான கையொப்பங்களைச் சரிபார்த்தவன் நான். அந்த ஒன்றைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இல்லாதது நல்லதாயிற்று, கண் மறைத்திருந்தது.

மார்கழி பிறந்தது. அக்கா ஏன் தையைக் காட்டினார் என்பது அப்போதுதான் விளங்கியது. இளமை முதல் அவர் ஊர்க் கோயிலில் விடியற்காலையில் திருவெம்பாவை ஓதும் மகளிர் குழுவில் ஒருவர். முதல் நாள் சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்தி அழைத்துச் சென்றோம். சபையில் பாடல் தொடங்கியதும் அக்காவின் உதடுகள் அசைந்தன. இரண்டாம் பாடலில் குரல் வந்தது. மூன்றாம் பாடலில், ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் தவிர வேறொன்றும் வராத அந்த வாயிலிருந்து சொற்கள் வரிசையாக, தெளிவாக வந்தன. உடன் பாடிய பெண்கள் சிலர் பாட்டை நிறுத்திவிட்டு அழுதார்கள். அக்கா நிறுத்தவில்லை.

பாடல் முடிந்ததும், “அக்கா, என்னைக் கூப்பிடு,” என்றேன். “ஆமாம்,” என்றார்.

இதனை அற்புதம் என்று எழுதுவது எளிது. பயிற்சியாளர் சொன்னதையும் நான் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பேச்சு பறிபோன பலருக்கும் மனப்பாடமான பாடல்கள் தங்கிவிடுவதுண்டாம். இசையோடு பதிந்தவை மூளையில் வேறு வழியாக வருகின்றன. அந்த வழியைப் பயன்படுத்தி, ‘தண்ணீர்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ போன்ற சொற்களை ராகமிட்டுச் சொல்லப் பழக்கினார். இடக்கையால் தொடையில் தாளம் தட்டியபடி அக்கா முதலில் பெற்ற சொல் ‘போதும்’. இரண்டு மணி நேரப் பயிற்சியின் முடிவில் அதைப் பயிற்சியாளரைப் பார்த்தே சொன்னார். அன்று வீடு முழுவதும் சிரித்தது. என்னைப் பொறுத்தவரை, ஐம்பது ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து பாடிய ஒரு பெண்ணின் நாவில், எல்லாம் கொள்ளை போன பிறகும் அந்தப் பாடல் காவலிருந்தது என்பதே போதுமான அருள்.

பராமரிப்பவரின் நலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இரவில் மூன்று முறை எழும் வீட்டில் யாருக்கும் பொறுமை குறையும். என் மனைவிக்கு முதுகு வலி கண்டது. திருமுறைக் குழுப் பெண்கள் தாங்களாகவே முறை வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு பிற்பகல்கள் அக்காவுடன் வந்து அமர்ந்தார்கள். உதவிக்கு வரும் அம்மையாருக்கு ஞாயிறு விடுமுறை தவறாமல் அளித்தோம். அவர் பெற்ற மகளுக்கும் பேரக் குழந்தைக்கும் அவர் வேண்டும் அல்லவா? 1993-ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய நோய் ஆதரவுப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுத் தம் தெரு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரும் இயக்கமாக வளர்ந்தது. கோயிலைச் சுற்றி வாழும் நம்மிடம் அத்தகைய குழுக்கள் ஏற்கெனவே உள்ளன. விளக்கு பூசைக் குழு, திருமுறைக் குழு, உழவாரக் குழு எனப் பெயர்தான் வேறு.

தை மாதத்தில் அக்கா ஓசூர் சென்றார். இன்று நான்கு கால் ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடக்கிறார். வலக்கை திரும்பவில்லை, இனித் திரும்பும் என்று மருத்துவர்கள் சொல்லவும் இல்லை. இருபது, இருபத்தைந்து சொற்கள் வருகின்றன. மகன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சந்திரசூடேசுவரர் மலை தெரியும். காலையில் அதைப் பார்த்தபடி இடக்கையால் விளக்கேற்றுகிறார். ‘தம்பி’ என்ற சொல் இன்னும் வரவில்லை.

உங்கள் தெருவிலும், ஒரு காலத்தில் நாள்தோறும் கோயிலுக்கு வந்து, இப்போது வராமற்போன ஒருவர் இருப்பார். அடுத்த முறை கோயிலிலிருந்து திரும்பும்போது திருநீறோ குங்குமமோ எடுத்துச் சென்று அவர் அருகில் சிறிது நேரம் அமருங்கள். அவருக்குப் பேச்சு தடைப்பட்டிருந்தால், ஒரே கேள்வியாகக் கேளுங்கள். கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் காத்திருங்கள். வீட்டார் முந்திக்கொண்டு விடை சொன்னாலும் நீங்கள் அவர் முகத்தையே பார்த்திருங்கள். பத்து எண்ணுவதற்குள் பெரும்பாலும் ஏதோ ஒரு விடை வந்துவிடுகிறது. சில வேளை கண்ணிலும், சில வேளை விரலிலும்.